எலி கடித்த கட்டை

என் தங்கையின் கச்சேரி பற்றி ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் வந்த விமர்சனத்தை இரண்டு மொழிபெயர்ப்புச் செயலிகளில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் அவளுடைய வாசிப்பு 'தெளிவானது' என்று வந்தது. இன்னொன்றில் 'குளிர்ந்தது' என்று வந்தது. குளிர்ந்தது என்றால் அந்த ஊரில் பாராட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று முழுவதும் இரண்டாவது செயலியையே நம்பினேன்.

அவள் பியானோ கலைஞர். மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கிறாள். சில ஆண்டுகளாகச் சொந்தமாக எழுதவும் செய்கிறாள். இருப்பது ஜெர்மனியில். அவளுக்கு அக்காவான நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மாவட்டச் செய்திகள் என் மேசைக்கு வரும். பேரையூர்ப் பக்கம் கண்மாய்க் கரை உடைந்தாலும், பரவை மார்க்கெட்டில் தக்காளி விலை சரிந்தாலும், நீளத்தை வெட்டி, விட்டுப்போனதை நிருபரிடம் கேட்டு அடைத்து, தலைப்புப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டுரையில் ஓட்டை இருந்தால் என் கை சும்மா இருக்காது. பக்கத்தில் இரண்டு அங்குலம் காலியாக இருந்தால்கூட ஏதாவது ஒரு துணுக்கைத் தேடி எடுத்து வைத்துவிடும். இந்தப் பழக்கம் வேலையில் சேர்ந்த பிறகு வந்ததென்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு வில்லாபுரத்தில். அப்பா கருவூல அலுவலகத்தில் எழுத்தர். அவருடன் வேலை பார்த்தவரின் உறவினர் டவுனில் பழைய வீட்டை விற்றபோது உள்ளே ஒரு பியானோ இருந்தது. தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அது சொந்தம் என்றார்கள். அப்பாவுக்குப் பியானோ மேல் ஆசை ஒன்றும் கிடையாது. சும்மா கிடைக்கும் ஒரு பெரிய பொருளை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மார்க்கெட்டில் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போ வண்டியில் அதை ஏற்றிக் கொண்டுவந்தார். பல மாதங்களுக்கு அதன் இடுக்குகளிலிருந்து வெங்காயச் சருகு வந்துகொண்டிருந்தது.

எலியும் அந்த வெங்காயத்தோடு வந்ததா, முன்பே உள்ளே குடியிருந்ததா என்பது தெரியாது. பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். அந்தச் சுத்தியலின் தலையில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். எலி அந்தக் கம்பளியைக் கடித்துத் தின்றது. சத்தம் கேட்டு அப்பா மேல்மூடியைத் திறந்து ஒட்டடைக் கம்பை உள்ளே விட்டுக் குத்தினார். எலி பின்பக்கமாக ஓடிவிட்டது. ஒரு சுத்தியல் முறிந்தது. வரிசையின் நடுவில், 'எஃப்' என்னும் சுரத்துக்கு உரிய கட்டையின் சுத்தியல் அது. அதன் பிறகு அந்தக் கட்டை அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும், பேசாது.

அப்பா ஆர்மோனியம் பழுது பார்ப்பவரை அழைத்து வந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், இது நம்ம சாதி இல்ல. நான் தொட்டா பேசுற மத்ததும் பேசாமப் போயிரும்."

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வாரம் ஒருமுறை மொபெட்டில் வருவார். எங்கள் பியானோவிலேயே பாடம். பேசாத கட்டை வரும் இடங்களில் அவர் தொண்டையால் 'ம்' என்று அந்தச் சுரத்தை எடுத்துக்கொடுப்பார். "பரீட்சை ஹால்ல இந்தக் கட்டை பேசும். மறந்துறாதீங்க பாப்பா," என்பார். நாங்கள் இருவரும் தலையாட்டுவோம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்து, மூத்த பெண்ணை வாசித்துக் காட்டச் சொல்வது அம்மாவின் வழக்கம். அத்தை, அப்பாவின் அலுவலகத்துக்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், ரேஷன் கடையில் அறிமுகமானவர் என்று எல்லோருக்கும் நான் வாசித்தேன். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பல் விழுந்த இடம் வரும். விருந்தாளி டம்ளரிலிருந்து தலையைத் தூக்குவார்.

"என்னம்மா, நின்னுபோச்சு?"

"மறந்துட்டாளோ?"

அம்மாவின் முகம் சுருங்கும். எலிக் கதையை ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியாது. வீட்டில் எலி இருக்கிறது என்று எந்தத் தாய் விருந்தாளியிடம் சொல்வாள்? ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேசாத கட்டை வரும்போது அதற்கு இடப்பக்கத்துக் கட்டையை அழுத்தினேன். பாட்டு கொஞ்சம் மாறும். ஆனால் நிற்காது. யாரும் தலையைத் தூக்கவில்லை. காபி குடித்து முடித்தார்கள். அம்மா முறுக்குத் தட்டை நகர்த்தினாள்.

தங்கை சிறியவள். அவளை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, பேசாத கட்டையையும் அப்படியே அழுத்திக்கொண்டு தன் பாட்டுக்கு வாசிப்பாள். அந்த இடத்தில் அவள் உதடு மட்டும் அசையும்.

இங்கிலாந்து இசைக் கல்லூரி ஒன்று நடத்தும் பியானோ பரீட்சை திருச்சியில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தேர்வாளர், பளபளப்பான பியானோ, எல்லாக் கட்டையும் பேசும். நான் முதலில் போனேன். 'எஃப்' வந்த இடத்திலெல்லாம் என் விரல் பக்கத்துக் கட்டைக்குப் போனது. தவறு என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. விரல் என்னைக் கேட்கவில்லை. தேர்வாளர் ஒவ்வொரு முறையும் தாளில் ஏதோ குறித்தார். அடுத்து தங்கை போனாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அவள் 'எஃப்' கட்டையை அழுத்தியதும் அது கணீரென்று ஒலித்தது. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி சிரித்தாள். தேர்வாளரும் சிரிப்பது கேட்டது. பிறகு முதலிலிருந்து வாசித்தாள்.

அவள் மிக உயர்ந்த தரத்தில் தேறினாள். நான் தேறவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அப்பா இருவருக்கும் ஒரே அளவு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் கோபம் தருகிறது.

என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வந்தது, கணக்கு டியூஷன் வந்தது. அவள் நிறுத்தவில்லை. சென்னையில் படித்தாள். உதவித்தொகையில் ஜெர்மனி போனாள். அங்கே முதலில் பாலே வகுப்புகளுக்கும் பாடகர்களுக்கும் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்து வாழ்ந்தாள். அந்த ஆண்டுகளில் எனக்கு அவள்மேல் மிகுந்த பாசம் இருந்தது. தொலைபேசியில் நீண்ட நேரம் பேசுவேன். ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். தனிக் கச்சேரிகள் வரத் தொடங்கின. என் பேச்சு சுருங்கியது. வேலை அதிகம் என்றேன்.

அவளுடைய வீடியோக்கள் எதையும் நான் விட்டதில்லை. மதிய உணவு இடைவேளையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். எங்காவது ஒரு சுரம் தடுமாறினால் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்பேன். ஒரு தடவை அரங்கத்தின் பின்வரிசைகள் காலியாக இருப்பது தெரிந்தது. அன்று சாப்பாடு ருசித்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா எங்களைப் பற்றிச் சொன்னதை ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"சின்னவ ஃபாரின்ல பியானோ வாசிக்கிறா. டிக்கெட் போட்டு கேக்குறாக."

"பெரியவ?"

"அவ பேப்பர்ல இருக்கா."

"பேப்பர் கடையா?"

"நியூஸ் பேப்பர்க்கா."

"ம். அதுவும் நல்லதுதான்."

பிறகுதான் அவள் எழுதிய அந்த இசை வந்தது. பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் இரண்டு பகுதிகள். அதற்கு அவள் வைத்த பெயர் 'வில்லாபுரம்'. அந்த ஊரில் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருப்பது நான். முதல் பகுதியில் ஒரு எளிய மெட்டு வருகிறது. நடு 'எஃப்' வர வேண்டிய இடத்தில் அவள் விரல் கட்டையை அழுத்துகிறது. சத்தம் வருவதில்லை. நல்ல பியானோவில் அப்படி அழுத்துவது எளிதல்ல. சுத்தியல் கம்பியைத் தொடாத அளவுக்கு மெதுவாகவும், மெட்டின் வேகம் கெடாமலும் இறக்க வேண்டும். எங்கள் வீட்டு எலி ஒரே நாளில் செய்ததை அவள் வருடக்கணக்கில் பழகியிருந்தாள்.

விமர்சகர்கள் அதில் மயங்கிவிட்டார்கள். கீழைத் தேசத்தின் மௌனம் என்று ஒருவர் எழுதினார். கோயில் கருவறையின் இருட்டு என்றார் இன்னொருவர். நான் படித்துவிட்டு மேசையில் தனியாகச் சிரித்தேன். பெரிய செய்தி ஒன்று என்னிடம் மட்டும் இருந்தது. கருவறையும் இல்லை, மௌனமும் இல்லை, எலி. ஒருநாள் இதை எழுதுவேன் என்று வைத்துக்கொண்டேன். அவளிடம் இருந்தவற்றில் என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து பியானோ பழுது பார்க்கும் ஒருவர் மதுரை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா கீழே, நான் குடும்பத்தோடு மாடியில். என் மகள் பழகட்டுமே என்று சரி செய்ய நினைத்தேன். தங்கைக்குத் தகவலாகத்தான் சொன்னேன்.

"அக்கா, வேற எத வேணும்னாலும் பண்ணு. அந்தக் கட்டைய மட்டும் தொடாத," என்றாள்.

"ஏன்?"

"அது அப்படியே இருக்கட்டும்."

அம்மா அவள் பக்கம். வந்தவர் மற்றக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டுப் போனார். என் வீட்டில் இருக்கும் பியானோவைப் பழுது பார்க்க எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

போன குளிர்காலத்தில் அவள் மதுரைக்கு வாசிக்க வந்தாள். கல்லூரி அரங்கம் ஒன்றில் ஏற்பாடு. பியானோவை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டு வந்தார்கள். எங்கள் செய்தி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க தங்கச்சிதானம்மா? பேட்டியும் நீங்களே எடுங்க, கச்சேரியும் நீங்களே எழுதிருங்க," என்றார். எலிக்கு நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முந்தைய காலையில் பேட்டி. அவள் பழைய பியானோவின் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அம்மா சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னையப் பத்தி ஒனக்குத் தெரியாததாக்கா? நீயே எழுதிக்கோ."

"எனக்குத் தெரிஞ்சத எழுத முடியாது. நீ சொல்லணும்."

"அப்ப மேடம்னு கூப்பிடு."

"போடி."

சில கேள்விகளுக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தேன். "முதல் பகுதியில அந்த ஒரு சுரம் மட்டும் ஏன் ஒலிக்கல? மௌனம், கருவறைன்னு எழுதுறாங்களே."

"எலி," என்றாள்.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்க்கா. வீட்டுல எலி கடிச்சது, எங்கப்பா ஒட்டடைக் கம்பால குத்தி ஒடைச்சாருன்னு. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாய்ங்க. எலின்னா அதுக்குள்ள ஏதோ தத்துவம் இருக்குன்னு நெனைக்கிறாய்ங்க. ஒருத்தர் கேக்குறாரு, அது உங்கள் யானைக் கடவுளின் வாகனம்தானேன்னு."

அடுப்படியிலிருந்து அம்மா, "பிள்ளையார எதுக்குடி இழுக்குறீக?" என்றாள்.

"நீயாச்சும் எழுதுக்கா. ஒம் பேப்பர்ல வந்தா நம்புவாய்ங்க."

இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததை அவள் தெருவில் கொட்டி வைத்திருந்தாள். யாரும் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். நான் 'எலி' என்று குறித்துக்கொண்டேன். வேறு கேள்வி எதுவும் மனதில் வரவில்லை.

"ரெண்டாவது பகுதி பத்திக் கேக்க மாட்டியா?" என்றாள்.

"அதுல என்ன இருக்கு? அது சாதாரணமாத்தான போகுது."

அவள் கையில் இருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தாள்.

"நெசமாவே தெரியலையா ஒனக்கு?"

"என்னது?"

"அது நீக்கா."

அவள் எழுந்து பியானோவில் அந்த மெட்டை வாசித்தாள். முதல் பகுதியில் வரும் அதே மெட்டு. 'எஃப்' வர வேண்டிய இடங்களில் எல்லாம் இடப்பக்கத்துக் கட்டை. இரண்டாவது பகுதி முழுக்க அப்படித்தான். அந்தத் தவறான சுரம் விழுந்ததும் இடது கை அதற்குத் தோதாக நகர்கிறது. மெட்டு மெல்ல மெல்ல வேறு ஒன்றாகிவிடுகிறது. எத்தனையோ மதியங்கள் காதில் ஒயரை மாட்டி அதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் தவறாகக் கேட்டதில்லை. சரியான பாட்டு அதுதான் என்று என் காது நினைத்திருந்தது.

"விருந்தாளிக வந்தா நீ வாசிப்பியே. நான் உள்ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு ரெண்டும் வேணும்னு இருந்துச்சு. நீ வாசிக்கிறது, நான் வாசிக்கிறது."

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"கச்சேரி நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகலக்கா. ரெண்டாம் பகுதி, என் அக்கா வாசித்தபடின்னு போடுறேன். ஒம் பேரும் போடுறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அடக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் தோளைத் தொட்டாள். அடக்கம் இல்லை. தலைப்புப் போடுவது என் தொழில். அந்த வரியைப் பார்த்தால் எந்த உதவி ஆசிரியருக்கும் தோன்றும் தலைப்பு எனக்கும் தோன்றியது: 'அக்காவின் தவறையும் இசையாக்கிய தங்கை'. அந்தத் தலைப்பில் தவறு மட்டும்தான் என்னுடையது.

கச்சேரியில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'வில்லாபுரம்' தொடங்கியது. மேடையில் விரல் இறங்குவது தெரிந்தது, சத்தம் இல்லை. அரங்கத்தில் சிலர் அசைந்தார்கள். அம்மா என் காதருகில் வந்தாள்.

"என்னடி, அங்கங்க நிக்குது? லாரியில வந்ததுல ரிப்பேர் ஆயிருச்சா?"

"அப்படித்தாம்மா அது."

இரண்டாவது பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இப்பச் சரியாயிருச்சு," என்றாள்.

பின்வரிசையில் யாரோ மெல்லத் தாளம் போட்டார்கள். எனக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. அவர்களுக்குப் பிடித்தது என்னுடையதுதான். அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது முதல் பகுதி. ஒன்றும் கேட்காத இடத்தில் விரலை வைத்து, யார் தலையைத் தூக்கினாலும் கவலைப்படாமல் அடுத்த கட்டைக்குப் போகிற அந்தத் தெனாவட்டு.

கச்சேரிச் செய்தியில் எலியை முதல் பத்தியில் வைத்தேன். இரண்டாம் பகுதிக்கு ஒரு வாக்கியம்: 'தொடர்ந்து வந்த பகுதி அவையோரைக் கவர்ந்தது.' செய்தி ஆசிரியர் ஒன்றும் வெட்டவில்லை. எலி நன்றாக இருக்கிறது என்றார்.

பேப்பரில் வந்த அன்று காலை, தெருவிலிருந்து ஒரு குடும்பம் தங்கையைப் பார்க்க வந்தது. அம்மா காபி கொண்டு வந்தாள். பிறகு வழக்கம் மாறாமல், "ஒண்ணு வாசிச்சுக் காட்டு," என்று தங்கையிடம் சொன்னாள்.

"அக்கா வாசிப்பா," என்றாள் அவள்.

எல்லோரும் டம்ளரோடு என் பக்கம் திரும்பினார்கள். நான் மறுத்திருக்கலாம். போய் உட்கார்ந்தேன். முதல் பகுதியை வாசிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளுடையதை. மெட்டு போனது. முதல் 'எஃப்' வந்தது. விரலைக் கட்டாயப்படுத்தி அதன்மேல் வைத்து அழுத்தினேன். கட்டை இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

"என்னம்மா, நின்னுபோச்சு?" என்றார் வந்திருந்தவர்.

அடுத்த 'எஃப்' வந்தபோது என் விரல் ஏற்கெனவே பக்கத்துக் கட்டையில் இருந்தது. அவர் தலையைக் குனிந்து மீதிக் காபியைக் குடித்தார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நிறுத்த வழியில்லாமல் கடைசி வரை வாசித்தேன்.